விற்காத பெட்டியும் நட்டம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வணிகப் பக்கத்தில் நிண்டெண்டோவின் ‘வீ யூ’ விளையாட்டுக் கருவி பற்றிய கட்டுரை படித்தேன். அடக்க விலைக்குக் கீழே விற்ற கருவி அது, ஆகவே விற்பனை குறைந்ததால் நட்டமும் குறைந்தது என்று அதில் இருக்கிறது. கணக்கு நேர்மாறானது.

2012 நவம்பரில் அமெரிக்காவில் அது 300, 350 டாலருக்கு வந்தது. வாங்குபவர் ஒரே ஒரு கேம் சேர்த்து எடுத்தாலும் தங்களுக்கு லாபம்தான் என்று நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் ரெஜி ஃபில்ஸ்-எமே அப்போதே விளக்கினார். பெட்டியில் விட்டதை முதல் கேமில் பிடித்துவிடலாம். அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு கேமும் வரவு. மற்ற நிறுவனங்களின் கேம்களுக்கும் பிரதிக்கு இவ்வளவு என்று உரிமத் தொகை வரும். விற்காமல் நின்ற ஒரு பெட்டியோடு இத்தனை ஆண்டு வரவும் நின்றுபோகிறது.

2014 மார்ச்சில் முடிந்த நிதியாண்டைப் பாருங்கள். இலக்கு 90 லட்சம் கருவி, 3 கோடியே 80 லட்சம் கேம். ஜனவரியிலேயே அதை 28 லட்சம், 1 கோடியே 90 லட்சம் என்று வெட்டினார்கள். கடைசியில் விற்ற கருவி 27.2 லட்சம். 10,000 கோடி யென் இயக்க லாபம் வரும் என்று சொன்ன ஆண்டு, 4,640 கோடி யென் இயக்க நட்டத்தில் முடிந்தது. 3டிஎஸ் கைக்கருவியும் இலக்கைத் தொடாததால் முழுப் பழியையும் வீ யூ மேல் போட முடியாது. ஆனாலும் பெரிய ஓட்டை அங்கேதான்.

பெட்டி விற்காவிட்டாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். சிப், திரை போன்ற பாகங்களுக்குப் பல மாதம் முன்பே அளவு சொல்லி ஆர்டர் கொடுத்தாக வேண்டும். தேங்கிய சரக்கை, இனி என்ன விலைக்குப் போகுமோ அந்த மதிப்புக்குக் கணக்கில் இறக்க வேண்டும். விலையைக் குறைத்தால், கடைக்காரர் பழைய விலைக்கு எடுத்து வைத்திருக்கும் சரக்குக்கும் வித்தியாசத்தைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே ஈடுகட்ட வேண்டிவரும்.

விலையைக் குறைக்கவும் வீ யூவுக்கு வழி குறைவு. ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த, கையில் பிடித்து ஆடும் கேம்பேடில் 6.2 அங்குலத் தொடுதிரை, கேமரா, மைக், அசைவு உணரிகள், பேட்டரி, கம்பியின்றிப் படம் வாங்கும் சிப் எல்லாம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2014 ஜூனில் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியிலிருந்து கைனெக்ட் கேமராவை எடுத்துவிட்டு 499 டாலரை 399 ஆக்கியது. கேம்பேடை அப்படிக் கழற்ற முடியாது, கருவியே அதை நம்பிக் கட்டியது. 2013 செப்டம்பரில் 350 டாலர் பெட்டியில் 50 டாலர் குறைத்தார்கள், அவ்வளவுதான். பலர் வீ யூவை, நிண்டெண்டோவின் முந்தைய கருவியான ‘வீ’க்கு ஒரு துணைக்கருவி என்றே நினைத்தார்கள். தலைவர் சடோரு இவாட்டாவே இதை ஒப்புக்கொண்டார்.

கருவி விற்பனை குறைந்தால் கேம் செய்யும் வெளி நிறுவனங்கள் விலகும். ஃபிஃபா 13 கால்பந்து கேம் வீ யூவுக்கு வந்தது, ஃபிஃபா 14 வரவில்லை. கேம் வராத கருவியை யார் வாங்குவார்கள்?

கட்டுரை தொடாத இன்னொன்று கையிருப்பு ரொக்கம். இன்னொரு ஜப்பானிய நிறுவனமான சேகாவின் ட்ரீம்காஸ்ட் கருவி சுமார் 91 லட்சம் விற்றது. வீ யூ மொத்தம் 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சம், அதுவும் பெரிய எண் இல்லை. ஆனால் சேகா, முந்தைய சாட்டர்ன் கருவியில் பட்ட அடியோடு ட்ரீம்காஸ்டுக்கு வந்தது. 2001 ஜனவரியில் கருவித் தொழிலை விடுவதாக அறிவித்தது. தலைவர் இசாவோ ஒகாவா சொந்தச் சொத்திலிருந்து சுமார் 8,500 கோடி யென் தந்துதான் நிறுவனம் நிமிர்ந்தது. நிண்டெண்டோவிடம் டிஎஸ், வீ கருவிகள் நன்றாக விற்ற காலத்துச் சேமிப்பு இருந்தது, கடன் இல்லை. அதனால் 2017 மார்ச்சில் அடுத்த கருவியான ஸ்விட்ச் வரும்வரை தாக்குப்பிடித்தது.

கட்டுரையின் அட்டவணையில் கருவி விற்பனை மட்டுமே இருந்தது. கேம் விற்பனை, சரக்கிருப்பு, ரொக்கம் என்று மூன்று வரிகளை அடுத்த இதழில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். நிண்டெண்டோவின் காலாண்டு அறிக்கைகள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

அன்புடன்,
ஒரு வாசகர்