இறக்கிய பழைய வண்டிக்கு அலைன்மெண்ட்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எஸ்டீம், ஜென், மாருதி 800, லேன்சர் என்று பழைய வண்டிகளை ஸ்பிரிங் மாற்றி, உயரம் குறைத்து இறக்கி ஓட்டுகிறவர்கள் கோவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊரில் அந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் பட்டறைக்கு வரும்போது பலரும் சொல்வது ஒன்றுதான்: "வண்டி ஒரு பக்கமா இழுக்குது, டயரைத் தின்னுது, அலைன்மெண்ட் மட்டும் பார்த்துக் கொடுங்க." நாங்கள் உடனே மெஷினில் ஏற்றாமல் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறோம். அரை மணி நேர வேலைக்கு இங்கே ஏன் இரண்டு நாள் என்று சிலருக்கு வருத்தம். அதற்கான விளக்கத்தை எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பார்த்துச் சரி செய்வது. மெஷின் அளக்கும், அவ்வளவுதான். சரி செய்ய வேண்டியது கையும் ஸ்பேனரும். அந்தக் காலத்துச் சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் திருப்பி வைக்கக்கூடியது டோ ஒன்றுதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடை முறுக்கினால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே போகும் அல்லது வெளியே வரும். கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது, கம்பெனி வைத்தபடி இருக்கும். கேஸ்டரும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முன்பின் சாய்ந்திருக்கும் அளவும், அப்படியே. அதனால்தான் பல இடங்களில் டோவை மட்டும் மெஷின் தாளில் பச்சைக்கு, அதாவது சரியான அளவுக்கு, கொண்டுவந்துவிட்டு, கேம்பர் சிவப்பாக இருக்கும் தாளை உங்கள் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த சில மாதத்தில் டயர் மறுபடி போய்விடுகிறது.

வண்டியை இறக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வைத்த வண்டியில் கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடியை வண்டியோடு இணைக்கும் கை) சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்து நிற்கும். உயரம் குறையக் குறைய ஆர்ம் படுத்துக்கொண்டே வரும். அந்த வழியில் சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்படும், மேல்பக்கம் உள்ளே சாயும். இன்னும் இறக்கினால் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய கேம்பர் கிடைக்காது. வண்டி தாழ்வாக இருக்கும், ஆனால் வளைவில் முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு ஏன் என்று புரியாது.

இதைவிடப் பெரிய தொல்லை டோ. லோயர் ஆர்மும் டை ராடும் சேர்ந்து ஏறி இறங்கும்படி கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு அவர்கள் வைத்த உயரத்துக்குத்தான். இறக்கியதும் இரண்டும் வேறுவேறு வட்டத்தில் போக ஆரம்பிக்கும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீரிங் தானாக ஒரு சின்ன வெட்டு வெட்டும். நிற்கிற நிலையிலும் டோ மாறிப்போயிருக்கும். அது உள்ளே போகுமா வெளியே போகுமா என்பது ஸ்டீரிங் ராக் (டை ராடுகளைத் தள்ளும் பல்சட்டம்) சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வண்டிக்கு வண்டி மாறும்.

கேம்பர்தான் டயரைத் தின்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு டிகிரி கேம்பர் டயரை அவ்வளவு சீக்கிரம் தீர்த்துவிடாது. டோ தீர்த்துவிடும். 13 இஞ்ச் ரிம்மின் குறுக்களவு சுமார் 330 மில்லிமீட்டர். முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் டோ தவறியிருந்தால் ஒவ்வொன்றின் பங்கும் ஒன்றரை மில்லிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது ஒவ்வொரு டயரும் நாலரை மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. அதோடு கேம்பரும் சேர்ந்தால் தேய்மானம் முழுவதும் உள் ஓரத்தில் விழும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டை, அதாவது டயர் தரையில் படும் பகுதி, நன்றாகவே தெரியும். ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு, குனிந்து டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். நூல் வெளியே வந்த டயரோடு நெடுஞ்சாலையில் நூறில் போய்விட்டு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து மாதம் ஒரு முறையாவது இதைப் பாருங்கள். கையால் தடவியும் பார்க்கலாம்: பட்டையின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால், டோ தவறியிருக்கிறது.

இப்போது அந்த இரண்டு நாள் விஷயம். பழைய வண்டியில் எங்கள் முதல் வேலை ரப்பரும் மூட்டுகளும். லோயர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை), பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்ப்போம். புஷ் ஆடுகிற வண்டிக்கு மெஷினில் வைக்கிற அளவு, பிரேக் அடித்ததும் மாறிவிடும். மாருதி 800-இல் இது இன்னும் முக்கியம். அதில் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்திருப்பதே, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பார்தான். அதன் புஷ் தேய்ந்தால் கேஸ்டர் போயிற்று. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் ஓடும். எத்தனை முறை அலைன்மெண்ட் பார்த்தாலும் தீராது.

புது ஆர்ம் புஷ் போட்டும் சில மாதத்தில் கிழிந்துவிட்டது, பொருள் சரியில்லை என்று கொண்டுவருகிறீர்கள். பெரும்பாலும் பொருளில் குறையில்லை. வண்டி ஜாக்கியில் இருக்கும்போது சக்கரம் தொங்கும். அந்த நிலையில் ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்ததும் புஷ்ஷின் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். இறக்கிய வண்டியில் ஆர்ம் இன்னும் அதிகம் திரும்பியிருப்பதால் முறுக்கும் அதிகம். ஸ்பிரிங் மாற்றியபோது பழைய புஷ்ஷின் போல்ட்டைத் தொடாமலே விட்டிருந்தாலும் இதே கதிதான். எங்கள் பட்டறையில் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, பேனட்டை அமுக்கி நாலு தடவை ஆட்டி உட்காரவிட்டு, அந்த உயரத்திலேயே அடியில் படுத்து இறுக்குகிறோம். தாழ்ந்த வண்டிக்கு அடியில் ஸ்பேனர் போடுவது சுலபமில்லை, நேரம் பிடிக்கும். ஆனால் இதைச் செய்யாமல் அலைன்மெண்ட் பார்ப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் உயரம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடிப்போம். இடமும் வலமும் ஒத்துவராவிட்டால் முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டியோ சூடு காட்டியோ இறக்கிய வண்டிகளில் இது அடிக்கடி வருகிறது. சூடு காட்டிய ஸ்பிரிங் நாளாக ஆக இன்னும் அமுங்கும், வெட்டிய ஸ்பிரிங்கோ சக்கரம் முழுதாகத் தொங்கும்போது அது உட்காரும் தட்டிலிருந்து விலகிவிடலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு அலைன்மெண்ட் பார்த்துப் பணம் வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டு வாருங்கள், அல்லது இங்கேயே மாற்றலாம்.

கேம்பருக்கு, அளவு கூடிய பக்கம் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) சேரும் இடத்தில் எக்சென்ட்ரிக் போல்ட், அதாவது திருப்பினால் இடத்தை நகர்த்தும் மையம் விலகிய போல்ட், போடுகிறோம். ஒன்றரை டிகிரி அளவுக்கு இடம் கிடைக்கும். ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டையே வளைத்துக் கேம்பர் எடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. நாங்கள் அதைச் செய்வதில்லை. பழைய ஸ்ட்ரட்டை வளைத்தால் ஆயில் சீல் போகும். தெருவில் ஓடுகிற வண்டிக்கு எங்கள் கணக்கு: கேம்பர் உள்பக்கம் ஒரு டிகிரி அளவில், இடவலம் வித்தியாசம் அரை டிகிரிக்குள், டோ கிட்டத்தட்ட பூஜ்யம். டிராக்கில் ஓடும் வண்டியின் அளவைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த டயர் வேறு, அந்தச் சாலை வேறு.

டை ராடு நட் துருப்பிடித்து இறுகியிருப்பது பழைய வண்டியில் சாதாரணம். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுநாள் கழன்று வரும். அவசரத்தில் முறுக்கினால் மரை போய்விடும். இரண்டு நாள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனியின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. 15 வருடம் தாண்டி ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைச் சோதனைக்குக் காட்டியே ஆக வேண்டும். நம் பட்டறையில் வண்டியை இறக்கிக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இறக்கிய வண்டியில் ஆபத்தான தேய்மானத்தைச் சரி செய்கிறோம். பழைய உயரத்துக்குத் திருப்பித் தருகிறோம். எங்களைக் கேட்டால், இரண்டாவதுதான் நல்லது. டயரும் மிஞ்சும், முதுகும் மிஞ்சும்.

வருவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இழுக்கிற வண்டியில் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, சமமான ரோட்டில் ஓட்டுங்கள். இழுப்பு மறுபக்கம் போனால் கோளாறு டயரில்தான், அலைன்மெண்டில் இல்லை. ஒரே திசையில் ஓட வேண்டிய டயர் என்றால் இதைச் செய்ய வேண்டாம். நம் சாலைகள் இடது ஓரம் சரிந்திருப்பதால், கையை எடுத்தால் லேசாக இடதுபக்கம் போவது கோளாறே இல்லை.

வண்டியைக் கொண்டுவரும்போது டிக்கியைக் காலி செய்து, டாங்கில் பாதி பெட்ரோலோடு, முதல் நாள் மாலையே விட்டுவிடுங்கள். காற்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முன்பு அலைன்மெண்ட் பார்த்த தாள் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். எந்த ஸ்பிரிங், எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் என்றால் ஓடி உட்கார்ந்த பிறகு, ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் ஒரு முறை திரும்பி வாருங்கள், மறு அளவு பார்த்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பட்டறையிலிருந்து
கோயம்புத்தூர்