நாடித்துடிப்போடு நடையையும் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவமனைகளில் முதியோர் பராமரிப்பு பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். வயதையும் நோயையும் பேசிய அது, உடல் நலிவைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. ஒரே வயது, ஒரே நிமோனியா என்றாலும், நலிவுற்றவரும் தம் வேலையைத் தாமே செய்துகொள்பவரும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், எழுந்து இடம் மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறையும் கொண்டு முதியவரின் திறனை அளக்கும் காட்ஸ் அளவுகோல் 1963லேயே வந்துவிட்டது. கருவி எதுவும் வேண்டாத அந்தக் கேள்விகள் இன்றும் பல வார்டுகளில் கேட்கப்படுவதில்லை.

என் தாயார் 81 வயதில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டபோது தாமே நடந்துதான் உள்ளே வந்தார். விழுந்துவிடுவார் என்று அஞ்சிப் பத்து நாள் கட்டிலைவிட்டு இறக்கவில்லை. அஞ்சியவர்களில் நானும் ஒருவன். காய்ச்சல் தணிந்தது, கால்கள் நிற்கவில்லை. வீடு திரும்பிய இரண்டாம் மாதம் இறந்துபோனார். சேர்க்கும்போதே, 'இரண்டு வாரத்துக்கு முன்பு இவர் எதையெல்லாம் தாமே செய்தார்?' என்று கேட்டு, ரத்த அழுத்தத்தோடு அதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மருத்துவர் தடுத்தாலன்றி, நாள்தோறும் துணையோடு எழுப்பி நடக்கவைப்பது மருந்து கொடுப்பதைப் போலவே செவிலியர் பணிப்பட்டியலில் இடம்பெற வேண்டும். அதற்கேற்ப ஆட்களையும் கூட்ட வேண்டும்.