பேச்சு வரக் காத்திருக்கும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மழலையர் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு ஒரு அம்மாவோ அப்பாவோ வாசலில் தயங்கி நிற்பதைப் பார்ப்பேன். "மற்ற பிள்ளைகள் எல்லாம் பேசுகிறார்கள், இவன் இன்னும்..." என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். இந்தக் கடிதம் அவர்களுக்காகத்தான்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதத்தில் நடப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிடிமானம் இல்லாமல் நடப்பது 8 மாதத்திலும் தொடங்கலாம், 17 மாதத்திலும் தொடங்கலாம். உறவினர் வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் ஓடியதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கே வேறு. 2 மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், முதல் பிறந்தநாளில் அதை 10 மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை மருத்துவர்களும் பொதுவாக இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

சரி, எப்போதுதான் கவலைப்படுவது? 18 மாதமாகியும் நடக்கவில்லை, ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு வயதாகியும் "அம்மா வா" என்பதுபோல் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், கற்றதை மறந்தால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

"அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். ஒரு குழந்தையின் பெற்றோரிடம், பள்ளிக்கு வந்து பழகினால் பேச்சு தானாக வரும் என்றேன். பல மாதங்கள் கழித்துப் பரிசோதித்தபோது, நடுக்காதில் நீர் கோத்துக் காது சரியாகக் கேட்காமல் இருந்தது தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று நினைத்துவிட்டோம். அந்த மாதங்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பரிசோதியுங்கள் என்று அதன் பிறகு எல்லோரிடமும் சொல்கிறேன்.

வளர்ச்சித் தாமதம் என்பது ஒரே நோயின் பெயரல்ல. ஒரு குழந்தைக்குப் பேச்சு மட்டும் பிந்தலாம். இன்னொன்றுக்கு நடை, கைவிரல் வேலை, மற்றவர்களோடு பழகுவது எனப் பலதும் சேர்ந்து பிந்தலாம். காரணம் தைராய்டு குறைபாடாகவோ மரபணு சார்ந்ததாகவோ இருக்கலாம். சில நேரம் காரணமே பிடிபடாது. அம்மா வேலைக்குப் போவதால் வருவதல்ல. வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் வருவதல்ல, அதற்காகத் தாய்மொழியை நிறுத்திவிடாதீர்கள். கைப்பேசியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அது பேசினால் பிள்ளை பதில் பேச வேண்டியதில்லையே.

பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை எல்லாம் சின்ன வயதிலேயே தொடங்கினால் பலன் கூடுதல். இதற்கு நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் பிள்ளை விளையாடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் கவனித்ததையும் எழுதித் தருகிறோம். அது உங்களுக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான். இதனால் பிள்ளையின் இடம் வகுப்பில் மாறாது.

வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் என் அறையில்தான் இருப்பேன். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, நேரே உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்