செயலாளர் ஆண்டறிக்கை: போப் கல்லறையும் ஆக்ஸ்போர்டுஷயரின் மற்றக் கல்லறைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரை நடந்தவற்றை விதிமுறைப்படி உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு மதிய விருந்தோடு நடந்தது. கோடை விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய், அப்புறம் நடந்தது. தீபாவளிக்கு மண்டபம் நிறைந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது. செயற்குழுக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. போதிய வருகை இல்லாமல் கலைந்தவை பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நாம் புதிதாகக் கையில் எடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். இந்தக் கவுண்டியில் அடக்கமாகியிருக்கும் பேர்பெற்ற மனிதர்களின் கல்லறைகளை நேரில் பார்த்து, தமிழில் ஒரு கையேடு தயாரிப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கப் பணத்தில் செயலாளர் ஊர் சுற்றுகிறார் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. பயணச் செலவில் ஒரு பென்னிகூடச் சங்கக் கணக்கில் ஏறவில்லை. பொருளாளர் இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளலாம். மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: “தம்பி, சுடலைக்குப் போறதுக்கு ஒரு சங்கம் வேணுமே?” அவருக்கு அன்று சொன்ன பதிலை எல்லோருக்கும் பொதுவாக இங்கே சொல்கிறேன்.

திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் நம் ஆக்ஸ்போர்டு ஊரில் அடக்கமாகியிருக்கிறார். வால்டன் தெருவிலிருந்து உள்ளே போகும் ஒடுங்கிய பாதையின் முடிவில், 1848இல் திறந்த செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பக்கத்தில் முன்பு இரும்பு வார்ப்பாலை இருந்தது, இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்தத் தெருவில் கடைக்கும் சினிமாவுக்கும் போகாதவர் நம்மில் யாரும் இல்லை. பாதைக்குள் திரும்பியவர்கள் மிகக் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தேடிக் கண்டுபிடித்துப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். இங்கேயே வீடு வாங்கிக் குடியிருக்கும் நாம் போகவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. கையேட்டு வேலையின் தொடக்கம் அதுதான்.

‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னவர் போப் என்று மேடைதோறும் கேட்கிறோம். நம் பேச்சுப் போட்டியில் அந்த வரி வராத ஆண்டே இல்லை. கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. கல்லில் இருப்பது இதுதான்: ஜார்ஜ் அக்லோ போப், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளராக இருந்தவர், பேலியல் கல்லூரியின் சமயகுரு. பிறந்தது 1820 ஏப்ரல் 24. அதற்குக் கீழே, கீழை நாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் உழைத்த உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்று பொறித்திருக்கிறது.

மேடையில் கேட்கும் கதையைவிட இந்த வாசகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. போப் மறைந்தது 1908இல். சென்னையிலிருந்து ஒரு கடிதம் இங்கே வந்து சேரவே வாரக்கணக்கில் ஆன காலம் அது. அந்தக் காலத்தில், கடல் கடந்து கிடக்கும் ஒருவர் கல்லறைக்கு நாமும் பங்கு தர வேண்டும் என்று தமிழர்கள் சிலர் நினைத்திருக்கிறார்கள், தந்தும் இருக்கிறார்கள். கல் அவர் பெருமையை மட்டுமா சொல்கிறது? நம் ஆட்களின் நன்றியையும் சேர்த்தல்லவா சொல்கிறது! இதைக் குழந்தைகளுக்குக் காட்டாமல் இல்லாத வரியை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இனிப் பேச்சுப் போட்டியில் கல்லில் உள்ளதைச் சொல்லும் குழந்தைக்கே மதிப்பெண் தர வேண்டும் என்று நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

போப் பிறந்தது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். 1839இல், பத்தொன்பது வயதில், சென்னையில் வந்து இறங்கினார். அப்புறம் சாயர்புரம், தஞ்சாவூர், உதகை, பெங்களூர் என்று நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே. சாயர்புரம் என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். அவர் பெயரில் அங்கே கல்லூரி இருக்கிறது. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் இங்கே வந்துதான் அவருடைய பெரிய வேலைகள் வெளிவந்தன: 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், 1900இல், தன் எண்பதாவது பிறந்தநாளில், திருவாசகம்.

திருவாசகத்தின் முன்னுரையில் அவர் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கையேட்டில் முழுதாகச் சேர்த்திருக்கிறேன். பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட்டோடு ஒரு நாள் இரவு உலாவிக்கொண்டிருக்கிறார் போப். திருவாசகம் பற்றிய பேச்சு வருகிறது. இந்த வயதில் தொடங்கினால் முடிக்கும்வரை உயிரோடு இருப்பேனா என்று போப் தயங்குகிறார். ஜோவெட் அவர் தோளில் கைவைத்து, பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் ஆயுள் நீளும், முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள் என்கிறார். சொன்ன ஜோவெட் 1893இலேயே போய்விட்டார். போப் இருந்து முடித்தார். அந்த ஜோவெட்டும் இதே செயின்ட் செபல்கர்ஸில்தான் அடக்கமாகியிருக்கிறார். போப்புக்குப் பூ கொண்டு போகிறவர்கள் அவருக்கும் ஒன்று எடுத்துப் போவது முறை என்று நினைக்கிறேன்.

தமிழ் வகுப்புக் குழந்தைகளை அங்கே அழைத்துப் போனோம். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் பழைய கல்லில் எழுத்தின் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும் என்பதால் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாம் நிலை வகுப்பு மாணவி ஒருத்தி புல்லில் முட்டிபோட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். ‘தமிழ்’ என்ற சொல் வந்த இடத்தில் மற்றப் பிள்ளைகளை அவளே கூப்பிட்டுக் காட்டினாள். உறுப்பினர் ஒருவர் பக்தியோடு பாலும் சந்தனமும் கொண்டுவந்திருந்தார். கல்லில் ஊற்ற வேண்டாம் என்று சொன்னேன். பால் காய்ந்தால் பாசி ஏறும், சந்தனம் எழுத்தின் குழிக்குள் போய் அடைந்துகொள்ளும், கம்பித் தூரிகையால் சுரண்டினால் எழுத்தே போய்விடும். அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் பல ஆண்டு பாடுபட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும் இடம் அது. அன்று சொன்னது அவருக்கு மனவருத்தம் என்று அறிகிறேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. கல்லைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அவர் திரும்பி வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

மற்ற இடங்கள்.

வட ஆக்ஸ்போர்டில் உள்ள வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்துக்கு உலகம் முழுதும் இருந்து வருகிறவர்கள் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனைப் பார்க்கத்தான் வருகிறார்கள்; உள்ளே வழிகாட்டிப் பலகையும் உண்டு. அவரும் அவர் மனைவி ஈடித்தும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அவர் படைத்த காதலர்களின் பெயர்களான பெரன், லூத்தியன் இரண்டும் கல்லில் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே நின்றதுபோல வேறெங்கும் நிற்கவில்லை. என்னை அங்கே நிறுத்தியது வேறு இரண்டு கல்லறைகள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியை வாழ்நாள் முழுதும் தொகுத்த ஜேம்ஸ் மர்ரே, 1915இல் இறந்தவர், தன் நண்பர் ஜேம்ஸ் லெக் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார். லெக் யார் என்றால், மதப்பணிக்கு ஹாங்காங் போய், சீனச் செவ்வியல் நூல்களை மொழிபெயர்த்து, 1876இல் இங்கே முதல் சீன மொழிப் பேராசிரியர் ஆனவர். போப் தமிழுக்கு நடந்த வழியில் சீனத்துக்கு நடந்தவர். இருவரும் ஒரே காலத்தில் இந்த ஊர்த் தெருக்களில் இருந்திருக்கிறார்கள்.

ஹோலிவெல் கல்லறைத் தோட்டத்தில் மாக்ஸ் முல்லர். ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர், இந்தியாவுக்கு ஒருநாளும் போகாதவர். போப் திருவாசகத்தை வெளியிட்ட அதே 1900இல் காலமானார்.

சட்டன் கோர்ட்னி கிராமத்துத் தேவாலய முற்றத்தில் ஜார்ஜ் ஆர்வெல் இருக்கிறார். பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903இல். கல்லில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற சொந்தப் பெயரும் பிறந்த இறந்த தேதிகளும் மட்டும்தான். உலகம் அறிந்த பெயர் எங்கும் இல்லை, எழுத்தாளர் என்றும் இல்லை. தெரியாமல் போனால் கடந்து போய்விடுவோம். 1908 முதல் 1916 வரை பிரதமராக இருந்த ஆஸ்க்வித் அதே முற்றத்தில் இருக்கிறார். ஆர்வெலை அடக்கம் செய்த 1950இல் அந்தக் கிராமம் பெர்க்ஷயரில் இருந்தது. 1974இல் எல்லை மாறியபோதுதான் நம் கவுண்டிக்கு வந்தது. ‘அது பெர்க்ஷயர் கணக்கு, உங்கள் பட்டியலில் எப்படி வரலாம்’ என்று மின்னஞ்சல் அனுப்பிய உறுப்பினருக்கு இதுவே பதில். இன்று எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

பிளேடனில் சர்ச்சில். போகவே கூடாது என்று சிலர் எதிர்த்தார்கள், காரணத்தோடுதான் எதிர்த்தார்கள். 1943 வங்காளப் பஞ்சத்தை யாரும் மறக்கச் சொல்லவில்லை; கையேட்டில் அவரைப் பற்றிய குறிப்பில் பஞ்சமும் எழுதப்பட்டிருக்கிறது. மாலை போட நாங்கள் போகவில்லை. 1965 ஜனவரி 30 அன்று லண்டனில் அவ்வளவு பெரிய அரசு மரியாதை பெற்றவர், அப்பா அம்மா பக்கத்தில் ஒரு கிராமத்து முற்றத்தில் கிடப்பதைப் பார்க்கப் போனோம். அவ்வளவுதான்.

சோல்சியில் அகதா கிறிஸ்டி, ஹெடிங்டன் குவாரியில் சி. எஸ். லூயிஸ், கெம்ஸ்காட்டில் வில்லியம் மோரிஸ், யூவெல்மில் ஜெரோம் கே. ஜெரோம். விவரம் கையேட்டில்.

வருகை பற்றி நான் பேசாமல் இருந்தால் என் கடமையில் தவறியவன் ஆவேன். ஒவ்வொரு பயணத்தையும் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே அறிவித்தேன். கட்டைவிரல் போட்டவர்களை நம்பிச் சட்டன் கோர்ட்னிக்குச் சிற்றுந்து பேசினேன். வந்தவர்கள் இரண்டு காரில் அடங்கிவிட்டார்கள். முன்பணம் திரும்பவில்லை, அது என் கையிலிருந்து போனது, சங்கத்திடம் கேட்கவில்லை. ஆனால் வர முடியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. செயற்குழுவிலும் இதே நிலைதான். போதிய வருகை இல்லாமல் கலைந்த கூட்டங்களில் முடிவெடுக்க வேண்டியிருந்தவற்றைத் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டு நானே செய்தேன். தன்னிச்சையாகச் செயல்பட்டேன் என்று இப்போது சொல்கிறவர்கள், அன்று அந்த அறைக்கு வந்திருந்தால் அந்தத் தேவையே வந்திருக்காது.

சந்தா. குடும்பச் சந்தா பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. இருந்தும் ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடமிருந்து இந்த ஆண்டு வரவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டும் சேர்த்துப் பாக்கி. யாருடைய பெயரையும் நான் இங்கே வாசிக்கப் போவதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் தனியாகச் சொன்னால் போதும், யாரும் கேட்கமாட்டோம். மற்றவர்கள் தீபாவளிச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. அதனால் இங்கே சொல்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். மண்டப வாடகை கூடியதால் வந்த சிறு பற்றாக்குறை சேமிப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. ஒன்றிரண்டு ரசீதுகள் வர வேண்டியிருக்கின்றன. வந்ததும் தணிக்கை முடியும்.

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தமிழ் வகுப்பு ஆசிரியைகள், சமையல் பொறுப்பேற்ற குடும்பங்கள், ஒலிபெருக்கி தந்து உதவியவர், நாற்காலி அடுக்கிய இளைஞர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. கல்லறைப் பயணங்களில் தவறாமல் உடன் வந்து, படம் எடுத்து, மழையில் குடை பிடித்து நான் குறிப்பெடுக்க உதவிய கல்லூரி மாணவர் இருவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. கையேட்டின் கைப்பிரதி தயார். பிழைதிருத்த இரண்டு பேர் வேண்டும். அச்சிடத் தனி நன்கொடை கேட்க எனக்கு விருப்பமில்லை. நிலுவைச் சந்தா வந்தாலே அச்சுச் செலவு முடிந்துவிடும் என்று பொருளாளர் சொல்கிறார். செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை. என் வேலை நேரமும் வீட்டுச் சூழலும் முன்போல் இல்லை. இளையவர் ஒருவர் முன்வந்தால் பொறுப்பை மகிழ்ச்சியோடு ஒப்படைத்து, கையேட்டு வேலையை மட்டும் பார்த்துக்கொள்வேன். யாரும் முன்வராவிட்டால், கையேடு அச்சேறும்வரை தொடரத் தயார். ஆனால் கூட்டத்துக்கு ஆட்கள் வர வேண்டும். தனி ஆளாக இன்னொரு ஆண்டு என்னால் ஆகாது.

பிப்ரவரியில் போப் நினைவுநாளை ஒட்டி வரும் சனிக்கிழமை பிற்பகல், வகுப்பு முடிந்ததும், வால்டன் தெரு வாசலில் கூடுகிறோம். குழந்தைகளுக்கு மழைக்காலணி போட்டு அனுப்புங்கள், புல் ஈரமாக இருக்கும். பூ மட்டும் கொண்டுவந்தால் போதும். வருகிறவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளர் மேசையில் பெயர் கொடுங்கள். ரசீதுப் புத்தகமும் அங்கேதான் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்