2024–25 ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் தபாலில் அனுப்பப்படும். சென்ற ஆண்டும் அனுப்பினோம்.

நமது திரைப்படச் சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டு விதிப்படி கூடியது. மழை மாதங்கள் நீங்கலாக மாதாந்திரத் திரையிடல்கள் நடைபெற்றன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது. நூலகத்துக்கு நாற்காலிகள் வாங்கப்பட்டன. குறும்படப் போட்டி, போதிய படங்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்தது, திரையரங்குகள் கைமாறிய கதையைப் பலகைகளில் எழுதி நாம் வைத்த கண்காட்சி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒரு தியேட்டர் கம்பெனியை யார் யாருக்கு விற்றார்கள் என்று போர்டு எழுதி வைப்பதற்குச் சங்கப் பணமா?’ என்று சிலர் கேட்டதாக அறிகிறேன். என்னிடம் நேரில் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் பதில் சொல்வது என் கடமை.

2018 ஆகஸ்டில் சத்யம் திரையரங்குகளை நடத்திவந்த எஸ்.பி.ஐ. சினிமாஸை, பல ஊர்களில் மல்டிபிளக்ஸ் நடத்தும் பி.வி.ஆர். நிறுவனம் வாங்குகிறது என்ற செய்தி வந்தபோது, நமது வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒப்பாரியை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘சென்னையின் அடையாளம் போய்விட்டது’, ‘இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம்’ என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்களில் பலரை அடுத்த மாதமே அதே வாசலில் பார்த்தேன். அது வேறு விஷயம். ஆனால் விற்றது எவ்வளவுக்கு, எவ்வளவு பங்கு, வாங்கியவர்கள் யார் என்று கேட்டால் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. திரைப்படச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாமல் இருக்கலாமா என்ற ஆதங்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கண்காட்சி.

முதல் பலகையை 1914-லிருந்து தொடங்கினோம். தென்னிந்திய சினிமாவின் முன்னோடி ரகுபதி வெங்கையா மவுண்ட் ரோட்டில் கெயிட்டி அரங்கைத் திறந்த ஆண்டு அது. பிறகு தங்கசாலைத் தெருவில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப் என மூன்று அரங்குகள் அவரிடம் இருந்தன. குளோப் பிற்காலத்தில் ராக்ஸி ஆனது. இன்று மூன்றுமே இல்லை. அடுத்த பலகையில் 1964-இல் வந்த சஃபையர் வளாகம். ஒரே கட்டடத்தில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று திரைகள். மல்டிபிளக்ஸ் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் அந்த ஏற்பாடு இருந்தது. 1994-இல் அதையும் மூடினார்கள். அப்போது வாட்ஸ்அப் இல்லை, ஒப்பாரியும் இல்லை.

ராயப்பேட்டையில் சத்யம் வளாகம் 1974-இல் வந்தது. அந்த ஒரே வளாகத்திலிருந்து கிளைவிட்டு, 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எட்டுத் திரைகளுடன் எஸ்கேப், வடபழனியில் பலாஸோ, பெரம்பூரில் எஸ்2, கோயம்புத்தூரில் புரூக்ஃபீல்ட்ஸ் என்று வளர்ந்தது. திருவான்மியூரில் தியாகராஜா தியேட்டராக இருந்ததும் எஸ்2 ஆனது. நம்மில் யாராவது அப்போது தியாகராஜாவுக்காகக் கண்ணீர் வடித்தோமா? இல்லை. நல்ல சீட்டும் நல்ல சத்தமும் வந்தன என்று மகிழ்ந்தோம். கைமாற்றம் நமக்குச் சாதகமாக இருந்தால் அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

விற்கும்போது எஸ்.பி.ஐ.யிடம் 76 திரைகள் இருந்தன. 71.69 சதவீதப் பங்குக்கு ரூ. 633 கோடி ரொக்கம். மீதிப் பங்குக்கு ஈடாக பி.வி.ஆரின் பங்குகள். இதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு நடுவில் மாட்டியிருந்தோம்.

வாங்கிய நிறுவனத்தின் கதையும் நேர்கோடு அல்ல. டெல்லியின் பிரியா எக்ஸிபிட்டர்ஸும் ஆஸ்திரேலியாவின் வில்லேஜ் ரோட்ஷோவும் 1995-இல் 60க்கு 40 என்று கூட்டுச் சேர்ந்தன. 1997-இல் சாகேத் பகுதியில் நான்கு திரைகளுடன் முதல் மல்டிபிளக்ஸைத் திறந்தார்கள். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியப் பங்காளி விலகிக்கொண்டார். பி.வி.ஆர். என்ற பெயரில் அவருடைய வி., ஆர். என்ற இரண்டு எழுத்து மட்டும் தங்கிவிட்டது. பிறகு 2012-இல் சினிமேக்ஸ் என்ற அரங்குச் சங்கிலியை வாங்கும் ஒப்பந்தம். அதன் பின் டி.எல்.எஃப். குழுமத்தின் டி.டி. சினிமாஸ். அந்தக் கொள்முதலில், சந்தை ஒரே கைக்குள் போய்விடாமல் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் தலையிட்டு, சில அரங்குகளை விலக்கிய பிறகுதான் 2016-இல் 32 திரைகளை எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் 2022 மார்ச்சில் பி.வி.ஆரும் இன்னொரு பெரிய மல்டிபிளக்ஸ் நிறுவனமான ஐநாக்ஸும் ஒன்றாகச் சேர்வதாக அறிவித்தபோது ஆணையத்தின் முன்அனுமதி தேவைப்படவில்லை. கொரோனாவில் அரங்குகள் மூடிக்கிடந்ததால் விற்றுமுதல் சட்டம் சொல்லும் வரம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. நோய்க்காலம் இப்படியும் உதவியிருக்கிறது. ஐநாக்ஸின் பத்துப் பங்குக்கு பி.வி.ஆரின் மூன்று பங்கு என்ற கணக்கில் 2023 பிப்ரவரியில் இணைப்பு நிறைவேறியது.

இந்தப் பலகையைப் பார்த்து மூத்த உறுப்பினர் ஒருவர், ‘சத்யத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறாயே, அச்சுப் பிழைகூடப் பார்க்கவில்லையா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அது பிழை அல்ல. 2014-இல் ஐநாக்ஸ் வாங்கியது டெல்லியின் சத்யம் சினிப்ளெக்ஸஸ். நம் ராயப்பேட்டை சத்யத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இணைப்புக்குப் பிறகு இரண்டும் ஒரே நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்தன. சிவப்பு நூல் ஒட்டிய இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுக் காட்டி விளக்கினேன். ‘அப்படியா’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் மேசைப் பக்கம் போய்விட்டார்.

கடைசிப் பலகை கட்டணம் பற்றியது. உரிமையாளர் எங்கே இருந்தாலும் தமிழ்நாட்டில் டிக்கெட்டின் உச்சவரம்பை முடிவு செய்வது அரசாணை. பல ஆண்டுகள் மல்டிபிளக்ஸில் ரூ. 120 என்றிருந்தது, 2017-இல்தான் வரி நீங்கலாக ரூ. 150 ஆனது. டிக்கெட்டுக்கு வரம்பு உண்டு, பாப்கார்னுக்கு இல்லை. வணிக வளாகத்தின் வாடகை ஏறிக்கொண்டே இருக்க, டிக்கெட் விலை மட்டும் கட்டிப்போடப்பட்டிருந்தால், தின்பண்டமும் விளம்பரமும்தான் அரங்கைத் தாங்க வேண்டும். அங்கே பெரிய நிறுவனத்துக்குப் பேரம் பேசும் பலம் கூடுதல். சங்கிலி நீண்டுகொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. மறுப்பவர்கள் ஆதாரத்துடன் எழுதித் தந்தால் அடுத்த முறை பலகையில் சேர்க்கத் தயார்.

இவ்வளவு சிரமப்பட்டு வைத்த கண்காட்சிக்கு வந்தவர்கள் யார்? பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் சிலர், மழை விட்ட பிறகும் நின்று படித்தார்கள். 2018-இல் நெஞ்சில் அடித்துக்கொண்ட நம் உறுப்பினர்களில் வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பலகைகளை மாடிக்கு ஏற்றியது நானும் கட்டடக் காவலாளியும். தொண்டர் குழு என்று ஒன்று சென்ற பொதுக்குழுவில் கைதட்டலோடு அமைக்கப்பட்டதை நினைவூட்டுகிறேன்.

சந்தாவைப் பற்றிப் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நமது ஆண்டுச் சந்தா, அந்த அரங்குகளில் குடும்பத்தோடு ஒரு முறை பாப்கார்ன் வாங்கும் தொகையைத் தாண்டாது. ஆனாலும் நிலுவைப் பட்டியல் உறுப்பினர் பட்டியலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். இந்த ஆண்டு வேண்டாம் என்றேன்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. கண்காட்சிச் செலவு ‘அச்சு மற்றும் இதர’ என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. அதன் ஒரு பகுதியை அன்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார், தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

இடம் தந்த கட்டட உரிமையாளர், ஒலிபெருக்கி தந்தவர், தணிக்கையாளர், தலைவர், செயற்குழுவினர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. காவலாளிக்குத் தனியாக என் நன்றி.

வரும் ஆண்டில் இந்தப் பலகைகளைச் சிறு நூலாக்க வேண்டும் என்பது என் விருப்பம். பணம் இருந்தால் ஆகும். செயலாளர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்றுக்கொள்வதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்ற மூன்று தேர்தல்களிலும் இதையேதான் சொன்னேன், வேட்புமனுப் படிவம் யார் கையிலும் போகாமல் என்னிடமே திரும்பி வந்தது. சத்யம் வெளியூர்க்காரர் கைக்குப் போனதற்கு வருந்துகிறவர்கள், சங்கம் உள்ளூர்க்காரர் கைக்கு மாற ஓர் ஆள் தரலாம். இம்முறையும் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே ரசீதுப் புத்தகமும் இருக்கிறது. பொருளாளர் கூட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை அங்கே இருப்பார், சில்லறை கொண்டுவந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்