சர்க்கரை இறங்கியதில் என்ன ஆறுதல்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், கிட்னி செயலிழந்தவர்களுக்குச் சர்க்கரை தானாக இறங்குவது 'ஓர் ஆறுதல்' என்று போட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை என்னால் தாண்ட முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு 22 வருடமாகச் சர்க்கரை. 3 வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன ஆடியில், எப்போதும் 200க்கு மேல் நிற்கும் அளவு 110க்கு வந்தது. "சர்க்கரை போயிருச்சுங்கக்கா" என்று சொந்தமெல்லாம் சொன்னார்கள். நானும் நம்பிப் பாரியூர் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். நாலாம் நாள் விடியற்காலை வேர்த்துக் கொட்டி, என்னையே யார் என்று கேட்டார். குளுக்கோமீட்டரில் 42. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பதறி இளநீர் வெட்டிக்கொண்டு ஓடிவந்தார். கிட்னி போனவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்ததால் தடுத்தேன். 108 வந்து குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்தது.

போட்ட இன்சுலினைக் கழிப்பதில் கிட்னிக்குப் பெரிய பங்கு. அது கெட்டால் ஊசிமருந்து உடம்பிலேயே தங்கி வேலை செய்யும். நோய் போனதாக அர்த்தமில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனைகூட, ரத்தசோகையாலும் அதற்குப் போடும் ஊசியாலும் இவர்களுக்குக் குறைத்துக் காட்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா ஐயா?

பொங்கல் சமயத்தில், எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரை சர்க்கரைக்காரர்களுக்கும் ஆகும் என்று எழுதினீர்கள். இவர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தினம் இரண்டு டம்ளர் டீயில் போட்டுக் குடித்தார். அதற்கு முன்னால், கஷாயத்தில் பூரண குணம் என்று அரைப்பக்க விளம்பரம். அப்புறம் கால்விரல் புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்தார்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. சர்க்கரை இல்லாமல் கிட்னி போனவர்களும் இவரோடு அதே டயாலிசிஸ் அறையில்தான் படுத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை, சர்க்கரையோடு வந்தவர்களின் கட்டில்தான் சீக்கிரம் காலியாகிறது. பெரும்பாலும் நெஞ்சுவலி.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: கிட்னி கெட்டவருக்குச் சர்க்கரை இறங்கினால், ஊசி அளவைக் குறைக்க வேண்டுமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்க வேண்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி உங்கள் பேப்பரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையால் கண்ணும் மங்கிவிட்டது.

இப்படிக்கு,
பழைய வாசகி,
கவுந்தப்பாடி