செயலாளரின் ஆண்டறிக்கை 2025 – சுங்கை சிப்புட் (மலேசியா) பழைய பட ரசிகர்கள்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும், இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயலவை ஆறு முறை கூடியது, அதில் இரண்டு முறை தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்துவிட்டுக் கலைந்தோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன வருடத்தைவிடக் குறைவுதான், காரணம் புரொஜெக்டர் பல்பு, அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். பழைய படத்தில் கை வைக்கலாமா என்ற சண்டைக்கு நான் நேராக வருகிறேன், இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஜூலை 14ஆம் தேதி சரோஜாதேவி அம்மா மறைந்தார். அவர் நினைவாகத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் 'நாடோடி மன்னன்' போட்டோம். 1958இல் வந்த படம், முன்பகுதி கறுப்பு வெள்ளை, அவர் வருகிற பின்பகுதி கலர். படம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு தம்பி, "மாயா பஜாரையே 2010இல் கலராக்கிட்டாங்க, இதோட முன்பாதியையும் யாராவது ஆக்கினா என்ன அங்கிள்?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நம் மூத்த உறுப்பினர், ஒரு காலத்தில் தோட்டத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக இருந்தவர், கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் கலர் வந்தப்போ திடல்ல உட்கார்ந்திருந்த தோட்டத்து லயத்து ஜனம் மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. ஆரம்பத்துலேர்ந்தே கலர்னா எதுக்குலா கை தட்டுறது?" தம்பியிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

அது ஆறுவதற்குள் ஆகஸ்ட் 1 வந்தது. தனுஷ் நடித்து 2013இல் வெளியான இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி' மறுபடியும் திரைக்கு வந்தது. கடைசியில் சாகிற நாயகனை ஏஐ வைத்துப் பிழைக்க வைத்திருந்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், பன்னிரண்டு வருடம் முன்பு தான் ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்று தனுஷே அறிக்கை விட்டார். நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. "நல்லா இருக்கட்டுமே, பையன் பிழைச்சா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று எழுதிய அக்காவை மூன்று பேர் சேர்ந்து வறுத்தெடுத்தது தவறு, இந்த அறிக்கையில் அதற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். ஆனால் என் கட்சியும் அந்த மூன்று பேர் கட்சிதான். எடுத்தவர் உயிரோடு இருந்து வேண்டாம் என்று சொல்லும்போது இன்னொருவர் முடிவை மாற்றுவது, வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போதே உள்ளே போய்ச் சுவரை இடிக்கிற வேலை.

எல்லா மாற்றமும் அப்படியில்லை, அதையும் சொல்ல வேண்டும். 'பாபா' 2022இல் திரும்ப வந்தபோது நீளத்தைக் குறைத்து, முடிவை மாற்றி, ரஜினியே புதிதாகக் குரல் கொடுத்தார். அவர் படம், அவர் கை வைத்தார். 'ஷோலே' கதை இன்னும் வேடிக்கை. 1975இல் தணிக்கைக்காக மாற்றிய முடிவைத்தான் ஐம்பது வருடமாகத் தியேட்டரில் பார்த்தோம், எடுத்தபடியே உள்ள முடிவோடு போன ஜூன் மாதம் இத்தாலியில் போட்டார்கள். அப்படியென்றால் எது அசல்?

இந்தக் கேள்வி அடுத்த கூட்டத்தில் வேறு விதமாக வந்து விழுந்தது. 2012இல் டிஜிட்டலாகச் சீர்செய்து சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடிய 'கர்ணன்' படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'இரவும் நிலவும்' பாட்டு வந்ததும் மண்டோர் தாத்தா என் முழங்கையைப் பிடித்தார். "இந்தப் பாட்டு எங்க தோட்டத்துக்கு வந்ததே இல்லையே!" அவர் சொன்னது இது: தோட்டத்துக்குப் படம் கொண்டுவருகிற ஆள், அறுந்த பிலிமை வெட்டி ஒட்டுவார். விடியற்காலையில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, இருப்பதால் படம் சீக்கிரம் முடிய வேண்டும், அதற்காகவும் ஒரு ரீலைத் தாண்டிவிடுவார். ஆக, நம் ஆட்கள் அறுபது வருடமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய 'அசல்' யாரோ ஒருவர் கத்தரிக்கோல் போட்டதுதான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது, இருவர் எதிர்ப்பு. நாம் போடுகிற படத்தில் எதையாவது மாற்றியிருந்தால் அதைத் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். இயக்குநர் மறுத்த பதிப்பைப் போடுவதில்லை. கலராக்கிய படம் பற்றி முடிவெடுக்கவில்லை, அடுத்த செயலவை பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம், உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் அடுத்த மாதம் மறுபடியும் 'கர்ணன்', முழுப் படம். சந்தா பாக்கி உள்ளவர்கள் அன்றே கட்டிவிடலாம். மண்டோர் தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு வரும்போது மட்டும் வெளியே போய்த் தே ஓ (பால் சேர்க்காத டீ) குடித்துவிட்டு வருவாராம், அவர் பார்த்த படம் அப்படித்தான் ஓடியது.